கொல்லிமலையின் 70 வளைவுகள்: பைக் கிளப்பாக ஒரே நாளில் போய்த் திரும்ப முழுமையான வழிகாட்டி

சேலத்தில் அதிகாலையில் கிளம்பி, ராசிபுரம் தாண்டி, ஊர்ச் சாலைகளில் வளைந்து வளைந்து காரவள்ளி அடிவாரம் சேர்ந்து, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, கொல்லிமலையில் மதியச் சாப்பாடு முடித்து, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். தனியாகப் போகிறவருக்கு இது பெரிய விஷயமே இல்லை. பத்துப் பன்னிரண்டு வண்டிகள், அதில் பாதிப் பேர் மலைச் சாலைக்குப் புதியவர்கள், ஒருவரிடம் 100 சிசி ஸ்பிளெண்டர், இன்னொருவரிடம் டியூக் 390, மூன்றாமவர் புல்லட்டில் மனைவியோடு என்று சேரும்போதுதான் திட்டம் தேவைப்படுகிறது.

பல குழுக்கள் ஏற்றத்தை மட்டும் மனதில் வைத்துக் கிளம்புகின்றன. எத்தனை மணிக்கு மேலே சேரலாம், எங்கே படம் எடுக்கலாம் என்பதுதான் பேச்சாக இருக்கும். என் கருத்து இதற்கு நேர் எதிர். இந்தப் பயணத்தை இறக்கத்திலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள். கூட்டத்திலேயே அனுபவம் குறைந்தவர், சாப்பிட்ட பிறகு, கை கால் களைத்த நிலையில், அந்த 70 வளைவுகளையும் இறங்கியாக வேண்டும். அவருக்கு அது பதற்றமில்லாமல் முடிகிற மாதிரி நாளை அமைத்துவிட்டால் மற்ற எல்லாருக்கும் அது சுலபம். கிளம்பும் நேரம், வரிசை, நிறுத்தங்கள், மேலே எதைப் பார்ப்பது, எதை விடுவது என எல்லா முடிவும் அங்கிருந்துதான் வர வேண்டும்.

நாளும் நேரமும்

ஜனவரியும் பிப்ரவரியும் நல்ல மாதங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வளைவுகளில் மண் வழிந்து கிடப்பதும் கல் உருண்டு நடு ரோட்டில் நிற்பதும் அப்போதுதான் அதிகம். ஏப்ரல், மே மாதங்களில் மலைமேல் இதமாக இருக்கும், ஆனால் சமவெளியில் ஜாக்கெட்டுக்குள் வெந்துபோவீர்கள், மாலையில் இடிமழையும் வரலாம். ஆடி 17, 18 தேதிகளில் வல்வில் ஓரி விழாவும் ஆடிப்பெருக்கும் சேர்ந்து வரும். ஊரே மலையேறும் அந்த நாட்களில் குழுப் பயணம் வேண்டாம்.

நேரத்தைக் கடைசியிலிருந்து கணக்குப் போடுங்கள். ஜனவரியில் ஆறு மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். ஐந்தரைக்குச் சேலம் திரும்ப வேண்டுமானால் மூன்றரைக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும். அப்படியானால் மதியம் இரண்டு மணிக்கு இறக்கத்தைத் தொடங்கியாக வேண்டும். இந்த இரண்டு மணிதான் அன்றைய நாளில் அசையக் கூடாத நேரம். காலையில் யாராவது தாமதமாக வந்தாலோ பஞ்சர் ஆனாலோ, மேலே இருக்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணியைத் தள்ளாதீர்கள். காலை ஐந்தே முக்காலுக்குக் கூடி, ஆறேகாலுக்குக் கிளம்பினால், இடையில் டிபன் சாப்பிட்டும் எட்டரை மணிக்கு அடிவாரம் வந்துவிடலாம். பத்து மணிக்குள் மேலே போய்விடலாம்.

வழி எளிது. சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையில் வந்து, ஆண்டகளூர்கேட்டில் பிரிந்து ராசிபுரம், அங்கிருந்து பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி. மேலே சுற்றுவதையும் சேர்த்தால் போக வர 200 கிலோமீட்டர் சுமார். திருச்சி, நாமக்கல் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் சேந்தமங்கலம் வழியாகக் காளப்பநாயக்கன்பட்டியில் இதே சாலையைப் பிடிப்பார்கள். முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு மலைச் சாலையும் உண்டு. ஏற ஒன்று, இறங்க ஒன்று என்று சுற்றி வர ஆசையாக இருக்கும். அனுபவமுள்ள குழுவுக்குச் சரி. புதியவர்கள் இருக்கும் முதல் பயணத்தில், காலையில் ஏறிப் பழகிய சாலையிலேயே இறங்குவதுதான் நல்லது. எந்த வளைவில் தண்ணீர் கசிகிறது, எங்கே ஜல்லி சிதறிக் கிடக்கிறது என்பதெல்லாம் ஏற்கெனவே கண்ணில் பட்டிருக்கும்.

எத்தனை வண்டி, யார் எங்கே

பன்னிரண்டு வண்டிகள் ஒற்றை வரிசையில், வண்டிக்கு வண்டி இரண்டு விநாடி இடைவெளி விட்டு, 60 கிலோமீட்டர் வேகத்தில் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் இரண்டு விநாடி என்பது 33 மீட்டர். முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் நடுவே 360 மீட்டருக்கு மேல் நீளும். வளைவுச் சாலையில் முன்னால் போகிறவர் கண்ணாடியில் பார்த்தால் பின்னால் இரண்டு மூன்று வண்டிகள்தான் தெரியும். எதிரில் வரும் காருக்கும், பின்னால் முந்த நினைக்கும் பஸ்ஸுக்கும் அந்த நீள வரிசை பெரிய தலைவலி. அதனால் ஆறு வண்டிக்கு மேல் இருந்தால் இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் தனி லீட் (முன்னால் வழிநடத்துபவர்), தனி ஸ்வீப் (கடைசியில் வருபவர்). ஐந்து நிமிட இடைவெளியில் கிளம்புங்கள், நிறுத்தங்களில் சந்தித்துக்கொள்ளுங்கள்.

லீட் என்றால் வேகமாக ஓட்டுகிறவர் என்று ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. வழி தெரிந்தவராகவும், கண்ணாடியை ஓயாமல் பார்க்கிறவராகவும், வேகம் ஏறாமல் ஓட்டத் தெரிந்தவராகவும் இருப்பவரை முன்னால் விடுங்கள். அவருக்கு நேர் பின்னால், இரண்டாவது இடத்தில், கூட்டத்திலேயே புதியவர். இது பலருக்கு வியப்பாக இருக்கும். புதியவரைக் கடைசியில் விட்டால் அவர் தன் போக்கில் வரட்டுமே என்பார்கள். நடப்பது வேறு. முன்னால் இருப்பவர் 50-லிருந்து 60-க்குப் போகும்போது, நடுவில் இருக்கும் ஒவ்வொருவரும் கொஞ்சம் தாமதித்து, கொஞ்சம் கூடுதலாக முறுக்கி இடைவெளியை மூடுவார்கள். கடைசியில் இருப்பவர் 75, 80 வரை போனால்தான் எட்டிப் பிடிக்க முடியும். அதாவது அனுபவமே இல்லாதவர் அந்தக் கூட்டத்திலேயே அதிக வேகத்தில் வளைவுக்குள் நுழைவார். இரண்டாவது இடத்தில் இருந்தால் லீட் அவரை எப்போதும் கண்ணாடியில் பார்க்கலாம், அவர் வேகத்துக்குத் தன் வேகத்தை வைத்துக்கொள்ளலாம், அவரும் முன்னால் இருப்பவரின் பாதையைப் பார்த்துப் பின்பற்றலாம்.

ஸ்வீப் என்று கடைசியில் வருபவர்தான் என் கணக்கில் குழுவின் முக்கியமான ஆள். கெட்டிக்காரரை அங்கே வையுங்கள். முதலுதவிப் பெட்டி, பஞ்சர் கிட், கயிறு, ஸ்பேனர் செட், பவர் பேங்க் எல்லாம் அவர் பையில் இருக்கட்டும். ஏதாவது ஆகி நிற்கிறவர்கள் அவருக்கு முன்னால்தானே இருப்பார்கள். லீட் திரும்பி வரத் தேவையிருக்காது.

ஆக்டிவா, ஜூபிடர் மாதிரி கியர் இல்லாத ஸ்கூட்டர்களைச் சேர்ப்பதா என்ற கேள்வி வரும். சமவெளியில் சிக்கல் இல்லை. இறக்கத்தில், வேகம் குறைந்ததும் அவற்றின் கிளட்ச் தானாக விட்டுவிடும். இன்ஜின் பிடித்து நிறுத்தாது. மொத்தப் பாரமும் பிரேக்கில் விழும். ஆள் ஒருவர் மட்டும் என்றால், வழியில் அடிக்கடி நிறுத்திப் பிரேக் ஆற விட்டு இறங்கலாம். பின்னால் ஆள் ஏற்றிக்கொண்டு என்றால் நான் சேர்க்க மாட்டேன்.

முந்தின வாரம் வண்டியில் பார்க்க வேண்டியவை

முதலில் பிரேக். பேடில் மிச்சம் எவ்வளவு என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. ஈரம் ஏறிய ஆயில் நீண்ட இறக்கத்தில் சூடாகிக் கொதித்தால், லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடமாக மாற்றாத ஆயில் என்றால் இந்த வாரமே மாற்றுங்கள். பின் சக்கரம் டிரம் பிரேக்காக இருந்தால் ராடை மெக்கானிக்கிடம் சரியான அளவுக்கு முறுக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது டயர். காற்றழுத்தம் எவ்வளவு என்பது பெரும்பாலும் செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். தனியாகப் போகவும் ஆளேற்றிப் போகவும் வேறு வேறு அளவு. டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது காலையில் வண்டி எடுத்தவுடன் அருகிலுள்ள பங்கில் காற்றடியுங்கள். நடுப் பகுதி தட்டையாகத் தேய்ந்த டயர் நேர் ரோட்டில் ஒன்றும் தெரியாது, வண்டியைச் சாய்க்கும்போது சட்டென்று விழுகிற மாதிரி ஒரு உணர்வு வரும். அப்படி ஒரு டயரோடு யாராவது வந்தால் மாற்றிவிட்டு அடுத்த பயணத்துக்கு வரச் சொல்லுங்கள்.

செயின் தளர்வு, கிளட்ச் கேபிள், ஹாரன், இரண்டு கண்ணாடிகளும் இருக்கின்றனவா என்பது மீதி. கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்கள் குழுவில் வரவே முடியாது. பின்னால் இருப்பவரைப் பார்க்காமல் இந்த முறையே நடக்காது. பெட்ரோல் டேங்கை ராசிபுரத்தில் எல்லாருமாக நிரப்புங்கள். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று டிஜிலாக்கரில் இருந்தால் போதும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட் ஓட்டுகிறவருக்கும் பின்னால் இருப்பவருக்கும், தாடைப் பட்டை இறுக்கமாக. கையுறை, கணுக்காலை மூடும் ஷூ, முழங்கை முழங்காலுக்குப் பட்டை வைத்த உடை. வெயில் காலத்தில் வலைத் துணி ஜாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள். செருப்புப் போட்டு வருகிறவரை அன்பாகவே திருப்பி அனுப்பிவிட வேண்டும். மேட்டில் வண்டியைத் தாங்கி நிற்கும்போது நழுவுவது அந்தச் செருப்புதான்.

கிளம்பும் முன் பத்து நிமிடப் பேச்சு

இதைத் தவிர்க்காதீர்கள். எல்லாரும் வண்டியை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றி, போனைப் பையில் போட்டு வட்டமாக நிற்கட்டும். லீட் பேச வேண்டியது ஏறக்குறைய இப்படி:

"யாரும் யாரையும் துரத்த வேண்டாம். உங்க வேகத்துக்கு வாங்க, வழி தப்பிடும்னு பயப்பட வேண்டாம், திருப்பத்துல ஆள் நிக்கும். குழுவுக்குள்ள ஓவர்டேக் கிடையாது. சாராயம், பீர் எதுவும் கிடையாது, மேலே போனாலும் கிடையாது. பயமா இருந்தா, களைப்பா இருந்தா இடது பக்கம் ஓரம் கட்டி நில்லுங்க, ஸ்வீப் அண்ணன் வந்து பக்கத்துல நிப்பாரு. காரணம் கேட்க மாட்டோம்."

கடைசி இரண்டு வாக்கியங்களும் மிக முக்கியம். புதியவர்கள் விழுவது பெரும்பாலும் திறமைக் குறைவால் மட்டும் வருவதில்லை. மற்றவர்கள் முன் பின்தங்கிவிடக் கூடாது என்ற கூச்சத்தில் கைமீறிய வேகத்துக்குப் போவதால் வருகிறது. அந்தக் கூச்சத்தை எடுத்துவிடுவது லீடின் வேலை.

கை சைகைகள் நாலைந்து போதும். ஒரு விரல் தூக்கினால் ஒற்றை வரிசை. இரண்டு விரல் தூக்கினால் மாற்று வரிசை, அதாவது தடத்தில் வலது, இடது என்று மாறி மாறிப் போவது. இடது கையைக் கீழே நீட்டி உள்ளங்கையைப் பின்னால் காட்டினால் நிற்கப் போகிறோம். பள்ளமோ ஜல்லியோ இடது பக்கம் இருந்தால் இடது கையால் சுட்டிக் காட்டுவது, வலது பக்கம் இருந்தால் வலது காலை நீட்டுவது. டேங்கைத் தட்டினால் பெட்ரோல். வளைவுக்குள் எந்தச் சைகையும் வேண்டாம், இரண்டு கையும் ஹேண்டில்பாரில்.

ஒவ்வொருவரின் ரத்த வகை, வீட்டு எண், ஒவ்வாமை இருந்தால் அதுவும் எழுதிய சீட்டு ஒன்றை ஜாக்கெட்டின் இடது மேல் பாக்கெட்டில் வைக்கச் சொல்லுங்கள். எல்லாரும் ஒரே இடத்தில் வைத்தால்தான் அவசரத்தில் தேட வேண்டியிருக்காது. மலையில் போன் சிக்னல் விட்டு விட்டு வரும் என்பதால் காகிதமே நம்பகம்.

சமவெளி: ஆண்டகளூர்கேட் முதல் காரவள்ளி வரை

நெடுஞ்சாலையில் மாற்று வரிசை. லீட் தன் தடத்தின் வலது பாதியில், அடுத்தவர் இடது பாதியில், மூன்றாமவர் மறுபடி வலது பாதியில். குறுக்காக முன்னால் இருப்பவரோடு ஒரு விநாடி, நேர் முன்னால் இருப்பவரோடு இரண்டு விநாடி. முன்னவர் ஒரு கல்லையோ நிழலையோ கடந்ததும் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று எண்ணிப் பாருங்கள். முடிப்பதற்குள் நீங்கள் அங்கே வந்துவிட்டால் நெருக்கம் அதிகம். ஜோடியாகப் பக்கத்துப் பக்கத்தில் போவது கூடாது. திடீரென்று நாய் குறுக்கே வந்தால் ஒதுங்க இடம் இருக்காது.

ஆண்டகளூர்கேட்டில் பிரிந்ததிலிருந்து திருப்பங்களில் ஆள் நிறுத்தும் முறை தொடங்கும். ஒரு பிரிவு வந்ததும் லீட் பாதுகாப்பான இடத்தைக் கையால் காட்டுவார். அவருக்குப் பின்னால், திருப்பம் காட்டத் தெரிந்த முதல் ஆள் அங்கே ஓரமாக நின்று, வருகிற ஒவ்வொருவருக்கும் வழி காட்டி, ஸ்வீப் கண்ணில் பட்டதும் அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். புதியவரை இதற்கு நிறுத்த வேண்டாம். அவர் இரண்டாவது இடத்திலேயே தொடரட்டும், மூன்றாமவர் நிற்கட்டும். ராசிபுரம் ஊருக்குள், பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி ஆகிய இடங்களில் இது கட்டாயம் தேவைப்படும். இந்த முறை இருந்தால் யாரும் சிவப்பு விளக்கைத் தாண்டிக் குழுவைப் பிடிக்க ஓட மாட்டார்கள், அதுதான் இதன் பெரிய பலன்.

ராசிபுரத்தில் டிபன். இட்லி, இடியாப்பம் மாதிரி லேசாகச் சாப்பிடுங்கள். பொங்கலும் வடையும் ஒன்பது மணிக்குக் கண்ணைக் கட்டும்.

அதற்கு அப்புறம் வரும் சாலைதான் இந்தப் பயணத்தின் அழகான பாதி. மரவள்ளிக் காடு, பாக்கு, தென்னை, தூரத்தில் மலை. ஆனால் கவனிக்க வேண்டியதும் இங்கேதான் அதிகம். அறுவடைக் காலத்தில் கொள்ளுச் செடியையும் சோளத்தட்டையும் ரோட்டில் பரப்பியிருப்பார்கள், வண்டிகள் ஏறி ஏறிக் கதிர் அடிபடட்டும் என்று. பார்க்கப் பஞ்சு மெத்தை போல் இருக்கும். அதன் அடியில் உதிர்ந்த மணிகள் தார் ரோட்டின் மேல் உருண்டைகளாகக் கிடக்கும். முன் பிரேக்கைத் தொட்டால் சக்கரம் அப்படியே வழுக்கிக்கொண்டு போகும். பரப்புக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, மேலே போகும்போது பிரேக், கிளட்ச் எதையும் தொடாமல், சாய்க்காமல் நேராகக் கடந்துவிடுங்கள். பக்கத்தில் குனிந்து வேலை செய்கிறவர்கள் இருப்பார்கள். தட்டு செயினில் சுற்றிக்கொண்டதா என்று தாண்டிப் போய்ப் பாருங்கள்.

மரவள்ளி ஏற்றிய டிராக்டர்கள் வயலிலிருந்து ஏறும் இடத்தில் களிமண் பூசியிருக்கும். கோழித் தீவன லாரிகள் ஊர்ச் சாலையின் முழு அகலத்துக்கும் வரும். வெள்ளைக் கோடு அழிந்த வேகத்தடைகள் பள்ளிக்கூடம், கோயில், ஊர் முகப்பு எல்லாவற்றிலும் இருக்கும். ஊருக்குள் 30-க்கு மேல் வேண்டாம். ஆறு சைலன்சர் சத்தம் ஒன்றாகப் போனால் திண்ணையில் இருக்கும் பாட்டிக்கு அது தொல்லை. அந்த ஊர்க்காரர்கள்தான் நாளைக்கு உங்கள் வண்டி நின்றுபோனால் உதவ வருகிறவர்கள்.

முந்துவது எப்படி என்பதும் இங்கே பழகிவிட வேண்டும். முன்னால் டிராக்டர் போகிறது. லீட் முந்திவிட்டார் என்பதால் அடுத்தவர் முந்தக் கூடாது. ஒவ்வொருவரும் தன் கண்ணால் எதிரில் பார்த்து, தானே முடிவெடுத்து, ஒருவர் ஒருவராகத்தான் போக வேண்டும். முன்னால் இருப்பவர் "வா வா" என்று கையசைக்கவும் கூடாது, அசைத்தாலும் நம்பக் கூடாது. முந்தியவர் உடனே வேகத்தைக் குறைத்துவிட்டால் பின்னால் வருபவர் உள்ளே நுழைய இடமின்றி எதிர்த் தடத்தில் மாட்டிக்கொள்வார். கொஞ்ச தூரம் அதே வேகத்தில் போய் இடம் விடுங்கள்.

வளைவு தொடங்கினால் ஒற்றை வரிசை. மாற்று வரிசையை அங்கே பிடித்துக்கொண்டிருந்தால், வளைவுக்கு ஏற்ற பாதையை யாராலும் எடுக்க முடியாது.

ஏற்றம்

காரவள்ளியில் எல்லாரும் நின்று, தண்ணீர் குடித்து, தலை எண்ணி, ஐந்து நிமிடம் காலாறுங்கள். சோதனைச் சாவடியில் நிறுத்தச் சொன்னால் நின்று பதில் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பையெல்லாம் கீழேயே விட்டுவிடலாம்.

இனி சுமார் 26 கிலோமீட்டரில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்கு எண் போட்ட பலகைகள் உண்டு. அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே ஏறுங்கள்; யாராவது நின்றுபோனால் "38-ஆவது வளைவுக்கு மேலே" என்று சொன்னால் போதும், ஆம்புலன்ஸுக்கும் அதையே சொல்லலாம்.

மலையில் இடைவெளி இரண்டு விநாடி போதாது. முன்னவர் வளைவை முடித்து மேலே ஏறும்வரை பின்னவர் அந்த வளைவுக்குள் நுழையாமல் இருப்பது நல்ல விதி. முன்னால் இருப்பவர் அணைந்து நின்றால் உங்களுக்கு நிற்க இடம் வேண்டும்.

நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம் என்பதால், இடது கொண்டை ஊசி நமக்கு உள்வட்டம். அதுதான் செங்குத்தாகவும் குறுகலாகவும் இருக்கும், புதியவர்களின் வண்டி அணைந்துபோவதும் அங்கேதான். வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே, வேகத்தைக் குறைத்து முதல் அல்லது இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள். உள்ளே போன பிறகு கியர் மாற்றுவதும் கிளட்ச் பிடிப்பதும் வேண்டாம். ஆக்சிலேட்டரைச் சீராக வைத்து, கண்ணைச் சக்கரத்தின் முன்னால் விடாமல், தலையைத் திருப்பித் தோளுக்கு மேலாக வளைவு முடிகிற இடத்தைப் பாருங்கள். கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும். பள்ளத்தை, தடுப்புச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அதை நோக்கித்தான் போகும். இது எல்லாருக்கும் பொருந்தும்.

வலது வளைவு வெளிவட்டம், அகலம் அதிகம். அங்கே இருக்கும் ஆபத்து வேறு. சக்கரம் நம் தடத்துக்குள் இருந்தாலும், வண்டி வலது பக்கம் சாயும்போது தலையும் தோளும் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்த் தடத்துக்குள் நீண்டுவிடும். எதிரில் பஸ் வந்தால் கண்ணாடியோடு தலை மோதும். அதனால் வலது வளைவில் நடுக்கோட்டிலிருந்து நன்றாக இடது பக்கம் தள்ளியே இருங்கள்.

இந்தச் சாலையில் அரசு பஸ்கள் ஓடுகின்றன. ஓட்டுநர்கள் இந்த வளைவுகளை நன்றாக அறிந்தவர்கள், ஆனால் அவ்வளவு நீள வண்டியைத் திருப்ப முழு அகலமும் அவர்களுக்கு வேண்டும். ஹாரன் கேட்டாலோ முகப்பு தெரிந்தாலோ வளைவுக்கு முன்னால் உள்ள நேர்ப் பகுதியிலேயே இடது ஓரம் நின்று பஸ்ஸுக்கு வழி விடுங்கள். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழி விட வேண்டும் என்பதே சாலை விதி. பஸ்ஸிடம் அந்த உரிமையைக் கேட்டு வாதாட வேண்டாம். திரும்பிக்கொண்டிருக்கும் பஸ்ஸின் உள்பக்கம் நுழைவது ஒருபோதும் கூடாது. அதன் பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட உள்ளே தள்ளி வரும்.

மேட்டில் நின்று மறுபடி எடுக்கும்போது: இடது கால் தரையில், வலது காலால் பின் பிரேக், கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் இடம் வரை மெதுவாக விட்டு, வண்டி லேசாக முன்னால் தள்ளுவதை உணர்ந்த பிறகு பிரேக்கை விடுங்கள். இதைத் தெரியாதவர்கள் பயணத்துக்கு முந்தின வாரம் ஏதாவது மேம்பாலச் சரிவில் பழகிக்கொள்ளட்டும்.

குரங்குகளுக்குத் தின்பண்டம் போடாதீர்கள். போட்டுப் பழக்கியதால்தான் அவை வளைவு வளைவாக நடு ரோட்டில் உட்கார்ந்திருக்கின்றன. நிற்பதானால் அகலமான ஓர இடத்தில் மட்டும்; படம் எடுக்க வளைவில் நிறுத்தவே வேண்டாம்.

மலைமேல்

சமவெளியைவிட ஆயிரம் மீட்டர் சுமார் ஏறி வந்திருக்கிறீர்கள். சோளக்காடு, செம்மேடு பக்கம் மிளகுக் கொடி ஏறிய மரங்கள், காப்பி, மலைவாழை. சீக்குப்பாறை காட்சி முனையில் கொஞ்ச நேரம் நின்று கீழே பார்க்கலாம். வாசலூர்பட்டி படகு இல்லம் பக்கமும் போய் வரலாம்.

ஆகாய கங்கை அருவியை ஒரு நாள் பயணத்தில் விட்டுவிடச் சொல்வேன். அறப்பளீசுவரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட செங்குத்துப் படிகள் இறங்கி, திரும்ப ஏற வேண்டும். அருவி மிக அழகு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஏறி வந்தவர்களின் தொடை ஒரு மணி நேரத்துக்கு நடுங்கும். அந்தக் காலை வைத்துத்தான் பின் பிரேக்கை மிதித்து, டேங்கை முழங்காலால் இறுக்கி 70 வளைவுகள் இறங்க வேண்டும். அருவிக்குத் தனியாக ஒரு நாள் தங்கிப் போங்கள். அறப்பளீசுவரரைக் கும்பிட்டுவிட்டு, படி இறங்காமல் திரும்புவது இந்தப் பயணத்துக்குப் பொருத்தம்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. அரை வயிறு. அதன் பிறகு முக்கால் மணி நேரம் மர நிழலில் கால் நீட்டி உட்காருங்கள், தூக்கம் வந்தால் தூங்கி எழுங்கள். இரண்டு மணிக்கு முன் தலை எண்ணி, பிரேக் லீவரை ஒவ்வொருவரும் ஒரு முறை அழுத்திப் பாருங்கள்.

இறக்கம்

வரிசையைக் காலையில் இருந்தபடியே வையுங்கள். "இப்போ பழகிடுச்சு, நான் முன்னால போறேன்" என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம்.

ஒரே ஒரு விதியை எல்லாரும் மனதில் வைத்தால் போதும்: எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இரண்டாம் கியரில் ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு வேலை குறையும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்கும் பழக்கம் நம் ஊரில் நிறையப் பேரிடம் இருக்கிறது. கிளட்ச்சைப் பிடித்தபடி இறங்குவதும் அதே தவறுதான். வண்டியைப் பிடிக்க இன்ஜின் இல்லாமல், முழு எடையும் சூடாகும் இரண்டு பிரேக்குகளில் தொங்கும். இதைக் காலையிலேயே பேச்சில் சொல்லி, இறங்கும் முன் மறுபடி சொல்லுங்கள்.

பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வராதீர்கள். நேர்ப் பகுதியில் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டுவிட்டு, வளைவுக்குள் பிரேக் இல்லாமல் போங்கள். அழுத்தி விடும்போது காற்றுப் பட்டு ஆறும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். இருக்கிறது என்பதால் வளைவின் நடுவில் முன் பிரேக்கைக் கவ்வலாம் என்று நினைக்க வேண்டாம், சாதாரண ஏ.பி.எஸ். நேராகப் போகும் வண்டிக்குத்தான் நன்றாக உதவும். உடல் எடை கையில் விழாமல் முழங்காலால் டேங்கை இறுக்குங்கள். கை இறுகினால் வண்டி திரும்பாது. பின்னால் இருப்பவர் பின்புறக் கம்பியைப் பிடித்துக்கொண்டால் உங்கள் முதுகில் சரிய மாட்டார்.

இருபது வளைவுக்கு ஒரு முறை, அகலமான இடம் பார்த்து ஐந்து நிமிடம் நில்லுங்கள். கருகின வாடை வந்தாலோ லீவர் வழக்கத்தைவிட ஆழமாகப் போனாலோ அந்த வண்டி ஆறும்வரை எல்லாரும் காத்திருங்கள். டிஸ்க்கின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூட்டில் வளைந்துவிடும்.

மழை பிடித்துக்கொண்டால் நின்றுவிடுவதே முதல் தேர்வு. முதல் பத்து நிமிடம் ரோட்டில் ஊறிய எண்ணெயும் தூசியும் சேர்ந்து மோசமாக வழுக்கும். ஓட்டியே ஆக வேண்டுமானால் இடைவெளியை இரு மடங்காக்கி, வெள்ளைக் கோடு, ஈர இலை, மண் வழிந்த இடம் மூன்றையும் தவிர்த்து வாருங்கள்.

யாராவது விழுந்துவிட்டால்

முதலில் விழுந்தவரிடம் ஓடத் தோன்றும். ஒருவர் மட்டும் ஓடுங்கள். இன்னொருவர் ஒரு வளைவு மேலேயும், மற்றொருவர் ஒரு வளைவு கீழேயும் போய் வருகிற வண்டிகளை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கார் எல்லார் மேலும் ஏறும். நான்காவது ஆள் 108-ஐ அழைத்து வளைவு எண்ணைச் சொல்லட்டும். சிக்னல் இல்லாவிட்டால் ஒருவர் சிக்னல் கிடைக்கும் இடம்வரை போகட்டும், வருகிற பஸ் ஓட்டுநரிடமும் சொல்லி அனுப்புங்கள்.

விழுந்தவர் பேசினால், மூச்சு விட்டால், ஹெல்மெட்டைப் பிடுங்காதீர்கள். கழுத்தில் அடி பட்டிருக்கலாம். தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பதும் வேண்டாம். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும், கட்டணமின்றிக் கிடைக்கும். உதவி செய்கிறவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது; பெயர் சொல்லக்கூட வற்புறுத்த முடியாது. வழிப்போக்கர்களிடம் தயங்காமல் உதவி கேளுங்கள், நீங்களும் மற்றவர் விழுந்து கிடந்தால் தயங்காமல் நில்லுங்கள்.

லேசாக விழுந்து எழுந்தவரை உடனே ஓட்ட விடாதீர்கள். அரை மணி நேரம் உட்கார வைத்து, கை நடுங்குகிறதா பாருங்கள். தேவையானால் வண்டியை அடிவாரத்திலேயே விட்டுவிட்டு இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து வரட்டும்.

அடிவாரத்துக்குப் பிறகு

காரவள்ளி வந்ததும் எல்லாருக்கும் ஒரு தெம்பு வரும். இனி என்ன, நேர் ரோடுதானே என்று முறுக்கத் தோன்றும். சாலை அகலமாகி, வளைவு குறைந்து, களைப்பு மட்டும் அப்படியே இருக்கும் நேரம் அது. எதிரில் மேற்கு வெயில் கண்ணில் அடிக்கும். காளப்பநாயக்கன்பட்டியில் டீக்கு நில்லுங்கள். திருப்பத்தில் ஆள் நிறுத்தும் முறையை ஆண்டகளூர்கேட் வரை விடாதீர்கள். ஊர் வந்துவிட்டது என்று பாதியில் கலைந்து போனால், யார் வீடு சேர்ந்தார், யார் வழியில் நிற்கிறார் என்று தெரியாது. யாராவது ராசிபுரத்திலேயே பிரிந்து போவதானால் ஸ்வீப்பிடம் நேரில் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

சேலத்தில் கடைசியாக ஒரு முறை தலை எண்ணுங்கள். அங்கேயே, வண்டியை அணைத்ததும், புதியவரிடம் முதலில் கேளுங்கள்: வேகம் சரியாக இருந்ததா, எந்த வளைவில் கஷ்டப்பட்டார், எங்கே இன்னும் ஒரு நிறுத்தம் வேண்டியிருந்தது. அவர் சொல்வதை லீட் குறித்துக்கொண்டு அடுத்த பயணத்தின் நேரக் கணக்கில் சேர்க்கட்டும். வீட்டுக்குப் போய் எல்லாரும் குழுவில் ஒரு செய்தி போட்ட பிறகுதான் ஸ்வீப் ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டும். மறுநாள் செயினைத் துடைத்து எண்ணெய் போட்டு, பிரேக் பேடை இன்னொரு முறை பாருங்கள்; 70 வளைவு இறக்கத்தில் அது நிறையவே தேய்ந்திருக்கும்.